கோடீஸ்வரன் கேட்ட கேள்வி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மச்சான்,

பெருநாள் கழிந்த கையோடு உன் கடிதம் வந்து சேர்ந்தது. பதில் பிந்திவிட்டது. காரணம் சொல்லத் தொடங்கினால் கடிதம் மருந்துச் சீட்டாகிவிடும். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்னபடி கேட்கிறது என்பதோடு விடுகிறேன். அக்கரைப்பற்று வட்டையில் இம்முறை விளைச்சல் நன்று என்று எழுதியிருந்தாய். நெல் விலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விலை எப்படிப் போகிறது என்று அதிலேயே விளங்கிக்கொண்டேன்.

பேத்தி சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறாள், அரசியலமைப்பை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிறாள் என்று எழுதியிருந்தாய். ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருக்கும் ஒரே உத்தியோகம் அதுதான். சனிக்கிழமை பின்னேரங்களில் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் சிலரும், வினைத்திறன்காண் தடைப் பரீட்சைக்குப் படிக்கும் இளம் உத்தியோகத்தர் இருவரும் என் வீட்டு விறாந்தையில் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை. தேயிலை என் செலவு, சீனி அவர்கள் செலவு என்று உடன்படிக்கை.

பிள்ளைகள் இன்றைய 1978 அரசியலமைப்பின் உறுப்புரைகளை வாய்ப்பாடு போல ஒப்புவிக்கிறார்கள். 9 பௌத்தத்துக்கு முதன்மை இடம், 10 சிந்தனைச் சுதந்திரம், 12 சமத்துவம், 14 பேச்சும் ஒன்றுகூடலும். புள்ளி எடுக்க அது போதும். ஆனால் இவற்றில் எது எப்போது யாருடைய வாழ்க்கைக்குள் வந்து போனது என்று கேட்டால் முற்றத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே நான் உறுப்புரையில் தொடங்குவதை விட்டுவிட்டு, ஓர் எழுதுவினைஞரின் சம்பளத்தில் தொடங்குகிறேன்.

கோடீஸ்வரன் என்ற அந்த அரச எழுதுவினைஞர் தொடுத்த வழக்கு உனக்கு நினைவிருக்கும். சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் 1956 இல் வந்தது. அரச ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத வேண்டும், தவறினால் சம்பள ஏற்றம் இல்லை என்று 1961 இல் திறைசேரி சுற்றுநிருபம் விட்டது. கோடீஸ்வரன் பரீட்சைக்குப் போகவில்லை. 1962 இல் அவருடைய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் போனார். அப்போது நடைமுறையில் இருந்த அரசியல் யாப்பான சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு, ஒரு சமூகத்தவருக்கு மட்டும் இடையூறு விளைவிக்கும் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது. 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிபதி கோடீஸ்வரன் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1967 இல் உயர் நீதிமன்றம், அரச ஊழியர் சம்பளத்துக்காக முடியின் மீது, அதாவது அரசின் மீது, வழக்குப் போட முடியாது என்று கூறி, மொழிச் சட்டம் செல்லுமா என்ற பக்கத்துக்குப் போகாமலே வழக்கைத் தள்ளிவிட்டது. 1969 டிசம்பரில், அப்போது நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்), வழக்குப் போடலாம் என்றது. ஆனால் மொழிச் சட்டம் யாப்புக்கு முரணா என்பதை முதலில் இலங்கை நீதிமன்றமே ஆராயட்டும் என்று திருப்பி அனுப்பியது.

இந்த இடத்தில் வகுப்பில் ஒரு பிள்ளை, "அப்படியானால் கடைசியில் என்ன தீர்ப்பு, சேர்?" என்று கேட்டாள். கடைசித் தீர்ப்பு என்று ஒன்று இல்லை. 1971 இல் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் வழி மூடப்பட்டது. 1972 மே 22 இல் வந்த குடியரசு யாப்பில் 29 ஆம் பிரிவே இல்லை. சிங்களம் மட்டும் சட்டத்தை 1956 இல் நாடாளுமன்றத்தில் நின்று எதிர்த்த கொல்வின் ஆர். டி சில்வாதான், அந்த மொழியேற்பாட்டுக்கு யாப்பிலேயே இடம் கொடுத்த 1972 ஆம் ஆண்டு வரைவை அமைச்சராக இருந்து நடத்தி முடித்தவர். கேள்வி கேட்டவர் தோற்கவுமில்லை, வெல்லவுமில்லை. கேள்வி நின்ற தரையையே எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் கவனித்தாயா? 1978 யாப்பிலும் ஓர் உறுப்புரை 29 உண்டு. அரச கொள்கைத் தத்துவங்கள் என்று உணவு, உடை, வீடு, கல்வி எல்லாவற்றையும் உறுப்புரை 27 இல் வாக்களித்துவிட்டு, இவற்றை எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது என்று 29 இல் கதவைச் சாத்துகிறார்கள். எண் ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனாலும் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

இனி நீயும் நானும் ஒருநாளும் ஒத்துப்போகாத விடயத்துக்கு வருகிறேன். 2006 ஒக்டோபரில், வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒரே மாகாணமாக்கிய இணைப்பு செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்னபோது நீ மகிழ்ந்தாய், நான் இரண்டு கிழமை உன்னோடு பேசவில்லை. கிழக்கு முஸ்லிம்களின் குரலுக்குத் தனிக் கிழக்கிலேதான் எடை இருக்கும் என்ற உன் வாதத்தின் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. என் துக்கமும் உனக்கு விளங்கும். அதை விடு. வகுப்பில் நான் எடுப்பது வேறு. இணைப்பு நல்லதா கெட்டதா என்று நீதிமன்றம் தீர்மானிக்கவில்லை. இயக்கங்களின் ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்ட பிறகே இணைக்கலாம் என்று மாகாண சபைகள் சட்டத்தில் இருந்த நிபந்தனையை, 1988 இல் ஜனாதிபதி ஜெயவர்தன அவசரகால ஒழுங்குவிதியால் மாற்றினார். அப்படி மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை என்பதே தீர்ப்பு. இணைத்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு, அடிப்படை உரிமை மனுவில். உறுப்புரை 126 இன்படி அந்த மனுவை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் போட வேண்டும்! மீறல் தொடர்ந்துகொண்டிருக்கிறது என்ற வாதம் ஏற்கப்பட்டது. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். ஆனால் அதே ஒரு மாதத்துக்குள் வாகரையிலிருந்தோ பொத்துவிலிலிருந்தோ ஓர் ஏழை, சட்டத்தரணியைப் பிடித்து, சத்தியக் கடதாசி எழுதி, கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடை போய்ச் சேர வேண்டும் என்பதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இதில் பேத்தி குறித்துக்கொள்ள ஒரு வழி உண்டு. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம், 13 ஆம் பிரிவு. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே இருக்கிறது. இதைத் தெரியாமல் உரிமையை இழந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

நாம் சண்டை பிடித்த அந்தக் கிழக்கு மாகாண சபை இப்போது எப்படி இருக்கிறது? காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதே மாதம் நாடாளுமன்றம் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கு வேண்டிய தொகுதி எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் அதே நாடாளுமன்றமே தோற்கடித்தது. பழைய முறை போனது, புதிய முறை வரவில்லை, திருகோணமலையில் ஆளுநர் மட்டும் இருக்கிறார். இணைந்த சபையும் இல்லை, பிரிந்த சபையும் இல்லை என்றால் நாம் எதற்கு மச்சான் பேசாமல் இருந்தோம்? காணிக்கும் இதே கதை. மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13 ஆம் திருத்தத்தில் தேசிய காணி ஆணைக்குழு அமைக்கப்பட வேண்டும் என்று எழுதி 1987 இலிருந்து இருக்கிறது, இன்றுவரை அமைக்கவில்லை. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் வீதியோரம் குந்தியபோது, அவர்கள் கேட்டது அந்த ஆணைக்குழுவைத்தான் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை.

எல்லாம் இப்படித்தான் என்று நினைத்துவிடாதே. படுவான்கரையிலிருந்து ஒரு மூதாட்டி ஒரு கடிதத்தோடு வந்தார். அவருடைய சேனைக் காணியைப் பற்றி ஒரு திணைக்களம் அனுப்பியது, முழுக்கச் சிங்களம். பொலித்தீன் பைக்குள் மடித்து, மேலே ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். வாசிக்க முடியாத கடிதத்தை அவ்வளவு கவனமாக வைத்திருந்ததுதான் என்னைச் சுட்டது. வகுப்புப் பிள்ளைகளையே பதில் எழுதச் சொன்னேன்: 1988 ஆம் ஆண்டின் 16 ஆம் திருத்தப்படி கிழக்கு மாகாணத்தில் தமிழும் நிர்வாக மொழி, உறுப்புரை 22 இன்படி இக்கடிதத்தைத் தமிழில் தருக. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், எந்த வரைபடத்தை வைத்து இந்தக் காணி அளக்கப்பட்டது என்றும் கேட்டார்கள். அந்த உரிமை 2015 இல் 19 ஆம் திருத்தத்தோடு உறுப்புரை 14அ ஆக யாப்புக்குள் வந்தது. 14 வேலை நாட்களுக்குள் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். சற்றுப் பிந்தி, தமிழ்க் கடிதம் வந்தது. எழுத்துப் பிழைகள் மலிந்த தமிழ்தான், ஆனாலும் தமிழ். வரைபடம் இன்னும் வரவில்லை. தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு மேன்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உறுப்புரை 22 ஐ அந்தப் பிள்ளைகள் இனிப் பாடமாக்கத் தேவையில்லை.

பேத்திக்குச் சொல்: முதலில் வழிகாட்டி நூல்களை ஒதுக்கி வைக்கட்டும். யாப்பின் தமிழ்ப் பிரதியை எடுத்து, திருத்தங்களை வந்த வரிசையில் வாசிக்கட்டும். 17, 18, 19, 20, 21 ஐ ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால், ஜனாதிபதியின் கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக 2001 இலிருந்து 2022 வரை நடந்தது தானாகவே தெரியும். ஒரு சட்டம் நிறைவேறிய பிறகு அதை யாப்புக்கு முரண் என்று இங்கே சவாலுக்கு உட்படுத்த முடியாது என்பதற்கு உறுப்புரை 80 ஐப் பார்க்கட்டும். சட்டமூலமாக இருக்கும் சில நாட்கள்தான் அவகாசம். நிறைவேறிய சட்டத்தையும் அங்கே நீதிமன்றம் செல்லாததாக்கலாம் என்பதால், இந்தியப் புத்தகங்களை வாசித்துவிட்டு இந்த இடத்தில் வழுக்குபவர்கள் பலர்.

அவளை ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடு. கோடீஸ்வரன் வழக்கின் மூன்று தீர்ப்புகளையும் பிரதி எடுத்து வைக்கிறேன். நீயும் கூட வந்தால் 2006 தீர்ப்பை விறாந்தையில் மீள விசாரிக்கலாம். பிள்ளைகள் நீதிபதிகள், நீ எதிர்மனுதாரர். வரும்போது உங்கள் பக்கத்து எருமைத் தயிர் ஒரு முட்டி கொண்டு வா. சீனி உடன்படிக்கை உனக்கும் பொருந்தும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்