குமாருக்கு, ஷூ வாங்கும் முன்

புதுச்சேரி

அன்புள்ள குமார்,

நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அந்த அலைச்சலில்தான் பதில் போட முடியவில்லை, திட்டாதே.

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். கறுப்பு கேன்வாஸ் கான்வெர்ஸா, வெள்ளை அடிடாஸ் ஸ்டான் ஸ்மித்தா, எந்த ஷூ வாங்கலாம் என்று கேட்கிறாய். கல்லூரிச் சந்திப்புக்கு நீ கான்வெர்ஸில் வந்தால் ரவி வாயைப் பிளப்பான். வேட்டி கட்டி வந்த அன்றே எப்படிப் பார்த்தான்! கணுக்காலுக்குக் கீழேயே நின்றுவிடும் அந்த வெட்டும் வெள்ளை ரப்பர் விளிம்பும் எனக்கும் கொள்ளை ஆசைதான்.

ஆனாலும் உனக்காக மிஷன் வீதியில் ஒரு கடைக்குப் போய் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். கான்வெர்ஸ் 1917இல் கூடைப்பந்துக்காக வந்த ஷூ. இந்தத் தாழ்ந்த வடிவம் 1957இல் வந்தது. இன்னும் அதே தட்டையான அடிதான். குதிகாலும் முன்பாதமும் ஏறக்குறைய ஒரே மட்டம், பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கிடையாது, விரல் பக்கம் ஒடுக்கம். துணி என்பதால் காற்று போகும், நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது பெரிய விஷயம். ஸ்டான் ஸ்மித்தில் மேல்பாகத்தைத் தடித்த சோலோடு ஓரத்தில் சுற்றித் தைத்திருக்கிறார்கள். எடை கொஞ்சம் கூடுதல், உள்ளே வியர்க்கும். ஆனால் டைல்ஸ் தரையில் நின்றபோது கால் வலிக்கவில்லை. புதிதில் குதிகாலுக்கு மேலே உரசும் பின்விளிம்பு கடிக்கும்போல இருந்தது.

அந்தக் கடிதான் மாப்ளே என் கவலை. உள்ளங்கால் மதமதப்பாக இருக்கிறது என்று போனில் சொன்னாயே, அன்றிலிருந்து மனசு சரியில்லை. எனக்குச் செருப்புக்கடி என்றால் வலிக்கும், கழற்றிவிடுவேன். சர்க்கரை உள்ள உனக்கு வலியே தெரியாமல் புண்ணாகிவிடும், ஆறவும் நாளாகும். நாள் முழுக்க வகுப்பில் நிற்கிறவன் வேறு. அதனால் முதலில் டாக்டரிடம் காலைக் காட்டு. அவர் சரி என்றால் சாயங்காலமாகக் கடைக்குப் போ, அப்போதுதான் கால் வீங்கி முழு அளவில் இருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு, இரண்டு காலிலும் போட்டு நின்று பார். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். "போடப் போட லூசாகிடும் சார்" என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடு. மெத்தென்று இன்சோல் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், அதை உள்ளே வைத்தே அளவு பார், இல்லாவிட்டால் விரலுக்கு இடம் போதாது.

என்னைக் கேட்டால் அகலமாக, மெத்தையோடு இருக்கும் வெள்ளை ஷூ எந்தக் கம்பெனியுடையதானாலும் சரி. உன் நீல ஜீன்ஸுக்கு நன்றாகவே இருக்கும். வாங்கிய பிறகு வீட்டில் கொஞ்ச நேரம் மட்டும் போடு. கழற்றியதும் எங்காவது சிவந்திருக்கிறதா என்று தங்கச்சியைப் பார்க்கச் சொல். உள்ளங்கால் உன் கண்ணுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கடலூர் வருகிறேன். அதுவரை எதையும் ஆர்டர் போடாதே, லாரன்ஸ் ரோட்டில் சேர்ந்தே பார்ப்போம். டாக்டர் சீட்டை எடுத்து வை.

அன்புடன்,
முருகன்