சத்தத்துக்காக வெளியேறினால் முன்பணம் போக வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பக்கத்து வீட்டுச் சத்தம் பொறுக்க முடியாமல், ஒப்பந்தக் காலம் முடிவதற்கு முன்பே வீட்டைக் காலி செய்யும் வாடகைதாரர்கள் முன்பணத்தில் ஒரு பகுதியை இழக்க நேர்கிறது. இதற்கு வீட்டு உரிமையாளர்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல. இப்படியொரு நிலை வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லாததே காரணம் என்பது என் கருத்து.

சென்னையில் நாங்கள் குடியிருந்த அடுக்குமாடியில், மேல்வீட்டில் நள்ளிரவு கடந்தும் ஒலிபெருக்கி அலறும். நேரில் சொல்லிப் பார்த்தோம். குடியிருப்போர் சங்கத்தில் எழுதிக் கொடுத்தோம். காவல் துறையையும் அழைத்தோம். ரோந்து வாகனம் வந்தால் அடங்கும் சத்தம், அது தெருமுனையைத் தாண்டியதும் தொடங்கிவிடும். காலி செய்கிறோம் என்றபோது, குறிப்பிட்ட காலத்துக்கு முன் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையைக் காட்டி இரண்டு மாத வாடகையையும், பெயிண்ட் அடிக்கும் செலவு என்று மேலும் ஒரு மாத வாடகையையும் உரிமையாளர் பிடித்துக்கொண்டார். மேல்வீடு தம்முடையது அல்லவே என்றார் அவர்.

அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வாடகையை ஒழுங்காகச் செலுத்துபவர் இடையூறின்றி வீட்டை அனுபவிக்கலாம் என்ற உறுதியை 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு தருகிறது என்றாலும், உரிமையாளரோடு தொடர்பில்லாத அண்டை வீட்டார் எழுப்பும் சத்தத்துக்கு அதைக் கொண்டு அவரைப் பொறுப்பாக்குவது கடினம். ஒரே உரிமையாளரின் கட்டடத்தில் பல போர்ஷன்கள் இருந்தால் நிலை வேறு; அங்கே சத்தம் போடுபவரும் அவருடைய வாடகைதாரரே. அங்கும் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்ற பதில்தான் வருகிறது.

ஒலி மாசு விதிகள் 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது வரம்பு. ஆனால் அவை சத்தம் போடுபவர் மீது நடவடிக்கை எடுக்கவே உதவும். வெளியேறுகிறவரின் பணத்தைப் பற்றி அவற்றில் பேச்சில்லை.

அதைப் பேசுவது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம். ஒப்பந்தம் எழுத்து வடிவில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யப்பட வேண்டும், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய பிடித்தம் போக அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பண வரம்பு, ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் கூறப்படாத வரையில்தான் பொருந்தும். எது உரிய பிடித்தம் என்ற கேள்வியும் ஒப்பந்த வாசகத்திலேயே போய் நிற்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று தரகர் நீட்டும் தாளில் கையெழுத்திடுகிறவர் எதைத் திருத்தச் சொல்ல முடியும்? மாத வாடகை இல்லாமல் மொத்தமாகப் பல லட்சம் கொடுத்து 'லீசுக்கு' வருபவரின் பாடு இன்னும் மோசம். அந்தப் பணத்தை உரிமையாளர் ஏற்கெனவே செலவழித்திருப்பார், அடுத்த ஆள் வந்தால்தான் தருவேன் என்பார்.

எனவே, ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளத்திலேயே மாதிரி நிபந்தனை ஒன்றை வெளியிட வேண்டும். அண்டை வீட்டுச் சத்தம் குறித்து உரிமையாளருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் காவல் துறை தரும் சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிய பிறகும் தொல்லை தொடர்ந்தால், ஒரு மாத முன்னறிவிப்போடு பிடித்தமின்றி வெளியேறலாம் என்று அதில் இருந்தால் போதும். வாடகையை நம்பி வங்கிக் கடன் தவணை கட்டும் உரிமையாளர்களுக்கு, அடுத்தவரைத் தேட அந்த ஒரு மாதம் உதவும். பொய்க் காரணம் சொல்லி நழுவுவோரைத் தடுக்க ரசீது இருக்கிறது. மேல்வீட்டுக்காரரிடம் பேசிப் பார்க்க உரிமையாளருக்கும் அப்போதுதான் அக்கறை வரும்.

இப்படிக்கு,
வாடகைதாரர் ஒருவர்,
சென்னை.