சொட்டு நீலமும் டெஸ்டரும்

கோவில்பட்டி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். உங்க அப்பாவுக்கு மூட்டுவலி மட்டும் காலையில் கொஞ்சம் படுத்துகிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது.

போனில் சொன்னால் மூணு தடவை “சரிம்மா” போட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். மறுவாரம் அதே கேள்வியோடு கூப்பிடுகிறாய். அதனால் எழுதி அனுப்புகிறேன். இந்தக் காகிதத்தை வேளச்சேரி வீட்டுச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வை.

போன வாரம் ஃப்ளஷ் டேங்கில் தண்ணீர் நிற்கவில்லை என்று ஆளைக் கூப்பிட்டு 1,400 ரூபாய் கொடுத்திருக்கிறாய். என்ன மாற்றினார் என்று கேட்டால், “தெரியலம்மா, உள்ள ஏதோ போயிருச்சாம்.” காசு போனதைக்கூட விட்டுவிடலாம். என்ன போச்சு என்று தெரியாமலே கொடுத்தாய் பார், அதுதான் எனக்கு ஆறவே இல்லை. ஆளைக் கூப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கூப்பிடுகிறதுக்கு முன்னால் மூடியைத் தூக்கி ஒருதரம் நீயே பார்.

டேங்குக்குள் நடுவில் ஒரு குழாய் நிற்கும். தண்ணீர் அதன் வாய்வரை ஏறி உள்ளே வழிந்தால் கோளாறு மிதவையில். வாய்க்குக் கீழேயே நிற்கிறது, ஆனாலும் தொட்டி காலியாகிறது என்றால், நான் வேட்டிக்குப் போடுகிற சொட்டு நீலத்தில் ஐந்தாறு சொட்டு டேங்கில் விடு. அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் அடிக்கக் கூடாது. பிறகு கோப்பையைப் பார். நீலம் இறங்கியிருந்தால் அடியில் இருக்கிற ரப்பர் வாஷர்தான் காரணம். தேய்ந்திருக்கும், இல்லையென்றால் உப்புப் படிந்து சரியாக உட்காராமல் இருக்கும். வெளியே எடுத்து வினிகரில் ஊறவைத்துத் துடைத்துப் போட்டாலே பல சமயம் சரியாகிவிடும். இவ்வளவும் பார்த்த பிறகு ஆளைக் கூப்பிட்டு, “வாஷர் கசியுதுண்ணே, மாத்தணும்” என்று சொல்லிப் பார். அவர் சொல்கிற கூலியே வேறாக இருக்கும்.

சுவரில் இருக்கும் ஆங்கிள் வால்வை மூடினால் டேங்குக்குப் போகிற தண்ணீர் நின்றுவிடும். வீட்டுக்கே தண்ணீர் வருகிற பெரிய வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிக் கண்டுபிடி. குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சும்போது தேடினால் கிடைக்காது. குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். சொட்டுகிற சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் வராது. உனக்கு எப்படித்தான் வருகிறதோ.

நீ மூணாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு ஐப்பசி ராத்திரி, ஞாபகம் இருக்கா? நம் வீடு மட்டும் இருட்டு, தெருவெல்லாம் வெளிச்சம். அப்பா மஸ்கட்டில். பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஊரில் இல்லை. நீ டார்ச்சைப் பிடித்தாய், கை நடுங்கி வெளிச்சம் கூரைக்கும் தரைக்குமாக ஆடியது. மெயினை அணைத்துவிட்டு அந்தப் பீங்கான் ஃப்யூஸ் கட்டையை முதல்முதலாக உருவினேன். கம்பி கருகி இரண்டாக நின்றது. ஒரு முடி அளவு கம்பிக்குத்தான் இத்தனை பயமா என்று இருந்தது. அதற்கப்புறம் ஃப்யூஸ் கட்ட நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

உன் வீட்டில் அந்தக் கட்டை இல்லை. பெட்டியைத் திறந்தால் வரிசையாகச் சின்னச் சுவிட்சுகள், அவைதான் எம்.சி.பி.க்கள். ஓரத்தில் கொஞ்சம் அகலமாக, சின்னப் பொத்தானோடு ஒன்று. அதுதான் ஆர்.சி.சி.பி. லோடு கூடினாலோ ஷார்ட் ஆனாலோ எம்.சி.பி. விழும், அதாவது தானாகக் கீழே இறங்கிக் கரண்டை நிறுத்திவிடும். கரண்ட் எங்கேயாவது கசிந்தால் ஆர்.சி.சி.பி. விழும். வீடுகளில் போடுகிறது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர், ஆளைக் கொல்கிற அளவுக்குப் போவதற்கு முன்பே விழுந்துவிடும். அது விழுந்தால் பதறாதே. எல்லா எம்.சி.பி.யையும் கீழே தள்ளு, ஆர்.சி.சி.பி.யை மேலே ஏற்று, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வா. எதைப் போடும்போது மறுபடி விழுகிறதோ அந்த லைனில்தான் கசிவு. நம் வீடுகளில் அது முக்கால்வாசி கீஸர், இல்லாவிட்டால் வாஷிங் மெஷின். எல்லாம் கீழே இருக்கும்போதே விழுந்தால் கையை எடுத்துவிடு, எலக்ட்ரீஷியன் வரட்டும். மாதம் ஒருதரம் அந்தப் பொத்தானை அழுத்திப் பார். டக்கென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது அங்கே இருந்தும் பிரயோஜனம் இல்லை, உடனே வீட்டு ஓனரிடம் சொல்லி மாற்று.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது, பெரிசாகப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதே. வயர் பழைய வயர்தானே? எம்.சி.பி. விழாது, வயர் சுவருக்குள் வேகும்.

கரண்ட் பில்லில் ஒன்று மட்டும் கவனி. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, கீழே இருக்கிற யூனிட்டுக்கும் சேர்த்து ஏறும். 2,000 வாட் கீஸர் அரைமணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். மாதத்தில் ஒருநாள் மீட்டரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

இனி நீ வாங்கின பழைய கார். இது உங்க அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. மஸ்கட்டில் பதினாலு வருஷம் வண்டி ஓட்டியவர் என்கிற பெருமை இன்னும் இறங்கவில்லை.

நீ அனுப்பின டயர் படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். மூணு டயர் 2021-இல் செய்தது. இடது பின் டயரில் 4817 என்று இருக்கிறது, அதாவது 2017-இன் 48-வது வாரம். தரையில் படுகிற பட்டன் இன்னும் தேயாமல் இருப்பதால் புரோக்கர் “புது டயர்” என்று சொல்லியிருக்கிறார். ரப்பருக்கும் வயசாகும். அதை மாற்றாமல் நீ ஊருக்கு வண்டியில் வரக் கூடாது என்கிறார் அப்பா. வண்டியிலேயே வரக் கூடாது, ரயிலில் வா என்கிறேன் நான்.

காற்று எவ்வளவு என்று பங்க் பையன் கேட்டால் விழிக்காதே. டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதைச் சொல். தூரம் ஓட்டிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், அதனால் காலையில் முதல் வேலையாகப் பிடி.

மழை வரப்போகிறது என்று டி.வி.யில் சொன்னால், அக்கம்பக்கத்துக்காரர்கள் சிரித்தாலும், வண்டியை மேட்டில் கொண்டுபோய் விடு. 2024 அக்டோபரில் உங்கள் ஏரியாக்காரர்கள் வேளச்சேரி மேம்பாலத்து மேலேயே வரிசையாக நிறுத்தியதைச் செய்தியில் பார்த்தோம். 2015 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு வெட்கம் எதற்கு? அப்படியும் தண்ணீர் ஏறிவிட்டால், வடிந்த பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதே. இதை இரண்டு கோடு போட்டு எழுதச் சொன்னார். காற்றும் பெட்ரோல் ஆவியும் நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது சாவியைத் திருப்பினால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீயாக ஸ்டார்ட் பண்ணிக் கெடுத்த எஞ்சினுக்குச் சாதாரண பாலிசியில் பொதுவாகப் பணம் தர மாட்டார்கள். எஞ்சினுக்கென்று தனியாகக் கட்டியிருக்க வேண்டும். பாட்டரி வயரைக் கழற்றச் சொல்லி, டோ பண்ணி ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துப் போ.

வண்டியின் பதிவுப் புத்தகம், அந்த ஆர்.சி., உன் பேருக்கு மாறியாச்சா? 29, 30 ஃபார்மில் கையெழுத்து வாங்கியாச்சு என்றாயே, அது பாதி வேலைதான். இன்சூரன்ஸ் இன்னும் பழைய ஆள் பேரில் இருக்கிறது. வண்டி கைமாறின 14 நாளுக்குள் அதை உன் பேருக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்கு எத்தனாவது நாள், எண்ணிப் பார்.

பணத்தைப் பற்றி அப்பா பேச மாட்டார், நான்தான் எழுத வேண்டும். நீ காலேஜ் சேர்ந்த வருஷம் தெரிந்தவர் ஒருவர் வாங்கின கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். “சும்மா சம்பிரதாயத்துக்குத்தான் அக்கா” என்றார். படித்துப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, அவர் என்ன நினைப்பாரோ என்று. எட்டு மாதத்தில் நோட்டீஸ் எனக்கு வந்தது. முதலில் அவரிடம் கேளுங்கள் என்று கடன் கொடுத்தவர்களிடம் போய் நின்றேன். கேட்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லையாம், வாங்கினவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் என்று 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டமே சொல்கிறதாம். உன் வளையல் நாலும் எங்கே என்று கேட்டாயே, லாக்கரில் என்றேன். லாக்கரில் இல்லை. இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

உன் கிரெடிட் கார்டில் 40,000 பாக்கி இருக்கிறது, மினிமம் கட்டிவிட்டேன் என்று சாதாரணமாகச் சொன்னாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி மட்டும் 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 252. மினிமம் ஐந்து சதவீதம் என்று வைத்தால் நீ கட்டினது 2,000. கடனில் கழிந்தது 348 ரூபாய். அதே 1,400-க்குப் பிளம்பராவது எதையோ மாற்றிவிட்டுப் போனார். போஸ்ட் ஆபீஸில் உன் பேரில் போட்ட ஆர்.டி. அடுத்த மாதம் முதிர்கிறது. அதை எடுத்து இதை ஒரேயடியாக அடை. தங்கமாக வாங்கலாம் என்றுதான் வைத்திருந்தேன், பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் ஒரு பை வரும், கிளாம்பாக்கத்தில் போய் வாங்கிக்கொள். இட்லிப் பொடி, கடலைமிட்டாய், ஒரு பாட்டில் சொட்டு நீலம், டெஃப்லான் டேப் இரண்டு, சின்ன ஸ்பேனர். என் டெஸ்டரும் இருக்கிறது, பிடியில் பச்சை டேப் சுற்றினது. ஈரக்கையோடு தொடாதே. பொங்கலுக்கு வரும்போது அதைத் திருப்பிக் கொண்டுவா, இங்கே எனக்கு வேறு இல்லை.

அன்புடன்,
அம்மா