அம்மாவின் பாஸ்புக்கில் பதினேழு ரூபாய் எழுபது காசு

நாகர்கோவில்,
திங்கட்கிழமை

அன்பு மக்கா,

உன் கடிதமும், அம்மாவின் பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாக எடுத்த போட்டோக்களும் வந்து சேர்ந்தன. இங்கே மழை விட்டபாடில்லை. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ரப்பர் வெட்டு நின்று கிடக்கிறது. பால் எடுக்காத நாளில் கூலியும் கிடையாது. பைசாவுக்கு முட்டு வரும்போதுதான் நம் ஊர்க்காரர்கள் பாஸ்புக்கைத் திறந்து வரி வரியாகப் பார்ப்பார்கள். பார்த்ததும் நீ கேட்ட அதே கேள்விதான்: போட்ட பைசா எங்கே போச்சு?

பாஸ்புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படி. முதலில், நான்கு மாதத்துக்கு ஒரே வரியாகப் பதிந்திருக்கிறதே, அதைக் கண்டு பயப்படாதே. நெடுநாள் பதியாமல் விட்டால் மெஷின் விடுபட்ட வரிகளை எல்லாம் கூட்டி ஒரே தொகையாக அடித்துவிடும். அந்த நான்கு மாதத்துக்கும் ஸ்டேட்மென்ட் வேண்டும் என்று கேட்டு வாங்கு. விவரம் அதில்தான் இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது யாரிடமாவது பாஸ்புக்கைக் கொடுத்துப் பதியச் சொல். புரியாத சுருக்கெழுத்தாகப் போடாமல், என்ன கட்டணம், எதற்காகப் பிடித்தது என்று சுருக்கமாகவாவது பாஸ்புக்கில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017-இலேயே சொல்லியிருக்கிறது. ஆகவே "இது என்ன வரி?" என்று கவுண்டரில் கேட்பதற்கு அம்மா கூச்சப்பட வேண்டியதே இல்லை.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் 17.70, எஸ்எம்எஸ் கட்டணம். 15 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 2.70. அனுப்பிய எஸ்எம்எஸ் அளவுக்குத்தான் கட்டணம் வாங்க வேண்டும் என்பது 2013-இல் வந்த உத்தரவு. மாதம் இரண்டு வரவும் மூன்று செலவும் உள்ள கணக்கில் எல்லாக் காலாண்டும் ஒரே தொகை விழுந்தால், எத்தனை எஸ்எம்எஸ்ஸுக்கு இந்தக் கணக்கு என்று எழுதிக் கேட்கலாம். ஆனால் எஸ்எம்எஸ்ஸை நிறுத்திவிடாதே. அது எந்த நம்பருக்குப் போகிறது என்று பார். நீ வெளியூர் போன பிறகு கைவிட்ட பழைய சிம் நம்பர்தான் இன்னும் கணக்கில் இருக்கிறது என்றால், அம்மா காசு கொடுத்து வேறு யாருக்கோ தகவல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்த நம்பரை மாற்றுவதுதான் முதல் வேலை.

27.14 என்று வந்திருப்பது ஏடிஎம் கட்டணம். 2025 மே 1 முதல், இலவச எண்ணிக்கை தாண்டினால் ஒரு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிக்கலாம். அதன் மேல் ஜிஎஸ்டி 4.14. நம்ம ஊர் பெருநகரம் இல்லை என்பதால் வேறு பேங்க் ஏடிஎம்மில் மாதம் ஐந்து தடவை இலவசம். அம்மா மூன்று தடவைதானே எடுத்திருக்கிறார் என்று கேட்டிருந்தாய். வேறு பேங்க் மெஷினில் இருப்பு பார்ப்பதும் ஒரு தடவையாகவே கணக்காகும். ஒவ்வொரு முறையும் இருப்பு பார்த்துவிட்டுப் பணம் எடுத்தால், மூன்றாவது தடவை எடுக்கும்போது எண்ணிக்கை ஆறாகிவிடும். சொந்த பேங்க் மெஷினில் இருப்பு பார்ப்பது எண்ணிக்கையில் வராது. மெஷினில் பணம் இல்லை, மெஷின் கோளாறு, பின் நம்பர் தப்பு என்று நின்றுபோனதும் எண்ணிக்கையில் வரக்கூடாது. இருப்பை மிஸ்டு கால் கொடுத்து எஸ்எம்எஸ்ஸில் வாங்கும் வழி பெரும்பாலான பேங்கில் உண்டு. அந்த நம்பரைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் பர்ஸில் வை.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு நடந்ததாக எழுதியிருந்தாயே, ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் குறைந்துவிட்டது என்று. அது தானாகத் திரும்பி வர ஐந்து நாள் கெடு. பரிவர்த்தனை நடந்த தேதியிலிருந்து காலண்டர் நாளாக எண்ண வேண்டும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் பேங்க் கொடுக்க வேண்டும், அதுவும் கேட்காமலே கொடுக்க வேண்டும் என்பது 2019 செப்டம்பரில் வந்த விதி. யுபிஐயில் ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேரவில்லை என்றால் கெடு ஒரே நாள். கடைக்குக் கட்டியது என்றால் ஐந்து நாள். இதில் தவறுவது எங்கே என்றால், மெஷின் எந்த பேங்குடையதோ அங்கே போய் நின்று சண்டை போடுவார்கள். புகார் கொடுக்க வேண்டியது கார்டு கொடுத்த சொந்த பேங்கில். சீட்டு வந்தால் பத்திரமாக வை. வராவிட்டால் மெஷின் மேல் ஒட்டியிருக்கும் எண், தேதி, மணி மூன்றையும் குறித்துக்கொள்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்ததுதான் அம்மாவுக்குப் பெரிய வருத்தம், எனக்கும் அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மாதம் முழுக்க அந்தத் தொகை அப்படியே கிடக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் கணக்கு சராசரிதான். ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி நாட்களால் வகுப்பார்கள். 3,000 சராசரி வேண்டும் என்றால், முப்பது நாள் மாதத்தில் 90,000 ரூபாய் ஒரே ஒரு நாள் இருந்தாலும் போதும், 9,000 பத்து நாள் இருந்தாலும் போதும். அடுத்தது, குறைந்தவுடன் பிடிக்கக்கூடாது. எஸ்எம்எஸ், மெயில் அல்லது கடிதத்தில் சொல்லி, சரிசெய்ய ஒரு மாதம் தர வேண்டும். பிடிப்பதும் எவ்வளவு குறைவோ அந்த அளவுக்குத்தான் இருக்க வேண்டும். இந்த அபராதத்தாலேயே கணக்கு மைனஸில் போகவும் கூடாது. இது 2015 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. அம்மாவுக்கு முன்னறிவிப்பு வந்ததா என்று பார். பழைய சிம்முக்குப் போயிருக்கவும் கூடும்.

ஸ்டேட் பேங்க் 2020 மார்ச்சில் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு இந்த அபராதத்தை எடுத்துவிட்டது. கனரா பேங்க் 2025 ஜூனில் எடுத்தது. அம்மாவின் பேங்கில் இன்னும் இருக்கிறது என்றால், அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடு. அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது, ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு தடவையாவது கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். அதே பேங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக்கூடாது, வேறு பேங்கில் இன்னொரு அடிப்படைக் கணக்கும் இருக்கக்கூடாது. வாயால் கேட்டால் "அதெல்லாம் இப்போ இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எழுத்தில் கொடுத்தால் எழுத்தில் மறுக்க வேண்டி வரும்.

மே கடைசியில் போகும் 20 ரூபாயைத் திருட்டு என்று எழுதியிருந்தாய். அதை மட்டும் தொட்டுவிடாதே. அது விபத்துக் காப்பீடு, ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரை. விபத்தில் இறந்தால் 2 லட்சம். 70 வயது வரை உண்டு. நம் மாவட்டத்தில் தென்னை ஏறுகிறவர், கடலுக்குப் போகிறவர், விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் இறங்குகிறவர் இல்லாத தெரு உண்டா? மரத்திலிருந்து விழுந்ததும் பாம்புக் கடியும் இதில் வரும், ஆனால் உடனே ஆஸ்பத்திரியில் காட்டிய ரிக்கார்டு வேண்டும். சாலை விபத்து, நீரில் மூழ்குவது என்றால் போலீசில் பதிந்திருக்க வேண்டும். இந்தக் காகிதம் இல்லாவிட்டால் பணம் வராமல் போகலாம். உன் தங்கச்சி கணக்கில் போகும் 436 ஆயுள் காப்பீடு. இறப்பு எப்படி நடந்தாலும் 2 லட்சம். 50 வயதுக்குள் சேர வேண்டும், 55 வரை தொடரலாம். இரண்டு பேங்கில் கணக்கு இருந்து இரண்டிலும் பிடித்தால், கிடைப்பது ஒரு காப்பீடுதான், இரண்டாவது பிரீமியம் வீண். தங்கச்சிக்கு இரண்டு கணக்கு உண்டல்லவா, பார்த்து ஒன்றை மே மாதத்துக்கு முன்னால் எழுதி நிறுத்து.

இனி கைரேகை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், இருபது வருஷம் கொட்டை உடைத்த கை அம்மாவுடையது. அந்தத் தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகையே தேய்ந்துபோகும். மெஷின் "பொருந்தவில்லை" என்று காட்டுவது அம்மாவின் குற்றம் இல்லை. பெருவிரலையே திரும்பத் திரும்ப அழுத்த வைக்கிறார்கள். பத்து விரலில் எது பொருந்தினாலும் போதும், பெரும்பாலும் மோதிர விரலும் சுண்டு விரலும் தேயாமல் இருக்கும். கையைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வைத்தால் வறண்ட விரல் சில நேரம் படியும். அதுவும் ஆகாவிட்டால் முகம் அல்லது கண் வைத்துப் பார்க்கலாம். ஆதாரில் போன் நம்பர் சேர்த்திருந்தால் சில வேலைகளுக்கு ஓடிபியும் செல்லும். தெருமுனைக் கடையில் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது ஒரு எச்சரிக்கை: "படியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்று சொன்னால், முதல் தடவைக்கான சீட்டைக் கேட்க வேண்டும். தோற்றதற்கும் சீட்டு உண்டு. சீட்டு இல்லாமல் மூன்று தடவை விரல் வைத்தால், எடுத்தது எத்தனை தடவை என்று யாருக்குத் தெரியும்? பணம் வராமல் கணக்கில் மட்டும் குறைந்தால், ஏடிஎம்முக்குச் சொன்ன ஐந்து நாள் கெடு அந்தக் கை மெஷினுக்கும் உண்டு. எடுக்காத நாட்களில் ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம். அதை நீ ஊருக்கு வரும்போது செய்து கொடு.

அம்மாவுக்குக் கை நடுங்கிக் கையெழுத்து மாறுகிறது என்பதற்காக யாரும் செக்கைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்க முடியாது. உடம்புக்கு முடியாதவர்கள் இரண்டு சாட்சி முன்னால் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம், அதில் ஒருவர் பேங்க் அலுவலராக இருக்க வேண்டும். 70 தாண்டினால் வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கும் சேவையையும் கேட்கலாம்.

அந்த மூன்று லட்சம் டெபாசிட்தான் என்னை உறுத்துகிறது. அம்மா டெபாசிட் புதுப்பிக்கப் போய், கையில் ஒரு பிளாஸ்டிக் கவரில் புத்தகம் போல ஒன்றோடு வந்தார் என்றாய். டெபாசிட் ரசீது ஒரே தாள்தான். அந்தக் கட்டில் "பிரீமியம் செலுத்தும் காலம்" என்று எங்காவது இருந்தால் அது இன்சூரன்ஸ், வருஷா வருஷம் மூன்று லட்சம் கட்டச் சொல்லும். உடனே பார். பாலிசி கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பீடு இருந்த நாட்களுக்கான சிறு தொகை போக மீதி திரும்பி வரும். இந்தக் கடிதத்தில் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதே.

எழுதிக் கொடு, எழுதிக் கொடு என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். எப்படி என்று கேட்பாய். வெள்ளைத்தாளில் ஒரு பக்கம், தமிழில். கணக்கு எண், தேதி, தொகை, பாஸ்புக்கில் அந்த வரி எப்படி இருக்கிறதோ அப்படியே, உனக்கு என்ன வேண்டும் என்பது. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்கு. சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பு, தபாலாபீஸ் ரசீதே போதும். போனில் சொன்னால் புகார் எண்ணை வாங்காமல் வைக்காதே. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தபாலில் என்றால் சண்டிகர் செக்டார் 17, அஞ்சல் குறியீடு 160017, ரிசர்வ் வங்கி, நான்காம் மாடி. சந்தேகம் கேட்க 14448, தமிழிலேயே பேசுவார்கள். பேங்குக்கு முதலில் எழுதியதற்கு ஆதாரம் இல்லாமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சீலை வற்புறுத்துவது அதனால்தான்.

மாமாவின் பழைய கணக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு வருஷம் நாமாகப் போடவோ எடுக்கவோ இல்லை என்றால் கணக்கு முடங்கும். பேங்க் போடும் வட்டி அதைக் காப்பாற்றாது. உயிர்ப்பிக்கக் கட்டணம் கிடையாது, காகிதம் முழுதாகக் கொடுத்தால் மூன்று வேலை நாளில் முடிக்க வேண்டும். பத்து வருஷம் தாண்டியிருந்தாலும் பணம் போய்விடாது. ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாறியிருக்கும், அதே பேங்கில் கேட்டு வாங்கலாம். உத்கம் என்ற இணையதளத்தில் பெயர் போட்டுத் தேடிப் பார்.

எல்லாப் பக்கமும் அனுப்பிய நீ, பாஸ்புக்கின் முதல் பக்கத்தை மட்டும் அனுப்பவில்லை. வாரிசு நியமனம் (நாமினி) பதிந்ததா இல்லையா என்பது அங்கேதான் அச்சடித்திருக்கும். அப்பா பெயரே இன்னும் அதில் கிடக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். 2025 நவம்பரிலிருந்து நான்கு பேர் வரை போடலாம், உன்னையும் தங்கச்சியையும் சேர்த்தே எழுதலாம். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு நண்பன்