பேரனைப் பற்றி நீ கேட்டது

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலிக்கு வெறும் தைலத்தோடு நிற்காமல் டாக்டரிடம் போனாயே, அதுவே பெரிய விஷயம். இங்கே ஒரே புழுக்கம். மற்றபடி எல்லோரும் நலம்.

சரி, பேரன் விஷயத்துக்கு வருகிறேன். காலேஜை விட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் டி20 லீக் ஆடப் போகிறேன் என்கிறானாமே. அவன் கண்ணில் படுவது ஏலம். 2025 செப்டம்பரில் நடந்த எங்கள் நாட்டு டி20 லீக்கான எஸ்ஏ20 ஏலத்தில் டெவால்ட் பிரெவிஸ் என்ற இளம் பேட்ஸ்மேனை பிரிட்டோரியா அணி 1.65 கோடி ராண்டுக்கு எடுத்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் படிப்பு ஏறும்?

என் கண்ணில் படுவது பக்கத்து வீட்டுப் பையன். இடது கை வேகப்பந்து, நல்ல ஸ்விங். கோடையில் இங்கிலாந்தில் ஒரு கிளப்புக்கு ஆடுவான். திரும்பி வந்ததும், எந்த லீக்கில் யாருக்குக் காயம், யாருக்கு மாற்று ஆள் தேவை என்று ஏஜெண்டின் போனுக்குக் காத்திருப்பான். கிட் பை கூடத்திலேயே கிடக்கும்; கைப்பிடியில் ஏர்போர்ட் ஒட்டுச்சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து போயிருக்கும். எங்கள் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் போகவும் விசா வேண்டும். விசா தாமதமானால் அந்த இடம் வேறொருவனுக்கு. ஒரு சின்ன லீக்கில் ஆடியதற்குப் பாதிப் பணம் இன்னும் வரவில்லை. கேட்கலாம் என்றால் அந்த அணியே இப்போது இல்லை. "காசு வராட்டியும் தோள் வலிக்கத்தானே செய்யுது அங்கிள்" என்று சிரிக்கிறான். எங்கள் பூட்டன்மார் கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்தார்கள். இவன் ஐந்து வாரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான். பிளேனில் போகிறான், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவன் அப்பா கிண்டல் செய்வார்.

உடனே நீ சுழற்பந்து வீச்சாளர் இம்ரான் தாஹிரைச் சொல்வாய், சிஎஸ்கே பைத்தியம் ஆயிற்றே! லாகூரில் பிறந்தவர், எங்கள் நாட்டுக்காக முதலில் ஆடியது 2011 உலகக் கோப்பையில், 31 வயதில். 2019 ஐபிஎல்லில் 26 விக்கெட். 2023-இல் கயானா அணிக்குக் கேப்டனாக கரீபியன் லீக்கான சிபிஎல் கோப்பை, அப்போது வயது 44. அடுத்த ஆண்டு டி20-யில் 500 விக்கெட்டையும் தொட்டுவிட்டார். ஆனால் அந்தக் கூக்ளி லீக்கில் முளைத்ததில்லை. அதற்கு முன்னால் இங்கிலாந்து கவுண்டிகளிலும் இங்கே உள்ளூர் அணிகளிலும் நான்கு நாள் ஆட்டத்தில் வருஷக்கணக்காகப் பந்து போட்ட கை அது.

அது போகட்டும். பையனுக்கு ஒரு விஷயம் தெரியுமா? இந்தியாவில் ஆடிக்கொண்டிருக்கும் ஆண் வீரர்களை வெளிநாட்டு லீக்குகளுக்கு பிசிசிஐ விடுவதே இல்லை. ஐபிஎல் உட்பட எல்லாவற்றிலிருந்தும் ஓய்வு பெற்றால்தான் போகலாம். தினேஷ் கார்த்திக் அப்படித்தான் ஓய்வுக்குப் பிறகு 2025-இல் எஸ்ஏ20-யில் பார்ல் ராயல்ஸ் அணிக்கு வந்தார். தாஹிர் போன பாதை உன் பேரனுக்கு வாசலிலேயே பூட்டிக் கிடக்கிறது. இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லையா?

உங்கள் நாகப்பட்டினத்து வம்சாவளி, எங்கள் அணியின் ஆல்ரவுண்டர் சேனுரான் முத்துசாமியைப் பார்க்கச் சொல். டர்பன் பையன், இங்கேயே பல்கலைக்கழகத்தில் பட்டமும் வாங்கியவர். 2019-இல் முதல் டெஸ்டில் கோலி விக்கெட்டை எடுத்தும் அணியில் நிலைக்கவில்லை. உள்ளூரிலேயே ஆடிக்கொண்டிருந்தார். 2025 நவம்பரில் குவஹாத்தி டெஸ்டில் இந்தியாவுக்கு எதிராக 109 அடித்தாரே, அந்த ஆட்டத்தின்போது எங்கள் தெருவில் ஒருவரும் வேலைக்குப் போன மாதிரி தெரியவில்லை.

என்னைக் கேட்டால், பட்டத்தை முடிக்கட்டும். கூடவே சென்னை டிவிஷன் லீக்கில் இடம் பிடிக்கட்டும், அப்புறம் டிஎன்பிஎல்லில் யாராவது எடுக்கிறார்களா பார்க்கலாம். திட்டாதே, அந்த வயசில் நீயும் நானும் யார் பேச்சைக் கேட்டோம்? அவன் பந்து போடும் வீடியோ ஒன்று அனுப்பு. பக்கத்து வீட்டுப் பையனிடம் காட்டுகிறேன், மணிக்கட்டைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

அன்புடன்,
கோவிந்தன்