தோடியைத் திரும்பக் கேட்க வைத்தவர்களுக்கு

அன்புடையீர்,

சென்ற ஞாயிறு மாலை பள்ளத்தூரில் எங்கள் வளவில், அதாவது எங்கள் பூர்வீகச் செட்டிநாட்டு வீட்டில், கூடி, ஆளுக்கொரு பாட்டைக் கேட்கவைத்து, அது ஏன் நெஞ்சைத் தொடுகிறது என்றும் சொல்லிப் போனீர்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து நன்றி சொல்லவேண்டிய கடன் இது. அதுவரை பொறுக்க மனமில்லாமல் எழுதுகிறேன்.

அப்பச்சி, அதாவது என் தகப்பனார், காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இரவு பலகாரம் முடிந்ததும் பட்டாலையில் உட்கார்ந்து, நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராக இசைத்தட்டைப் போட்டுக் கேட்பது அவர் வழக்கம். தட்டு எங்கள் ஐயா, அதாவது பாட்டனார், வாங்கியது. பிள்ளையவர்கள் 1956இல் மறைந்தபோது அப்பச்சிக்கு ஆறு வயது. நேரில் கேட்டதே இல்லை. அப்பச்சி போன சில நாட்களில் கிராமபோனின் ஸ்பிரிங்கும் அறுந்தது. கைபேசியில் அதே தோடியைக் கேட்டிருக்கலாம். பலமுறை தேடி எடுத்தும் ஒலிக்கவிடாமல் வைத்துவிட்டேன். தனியாகக் கேட்க எனக்குத் துணிவில்லை.

பூட்டிக் கிடந்த வளவைத் திறக்கச் சம்மதித்த பங்காளிகளுக்கும், சென்னையில் பெரியப்பச்சியிடம் இருந்த சாவியை இரவு பஸ்ஸில் கொண்டுவந்து சேர்த்த அண்ணனுக்கும் முதல் நன்றி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருப்பவர் ஸ்பிரிங்கை மாற்றித் தந்தார். ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்றிவிட வேண்டும், தேய்ந்த ஊசி தட்டின் வரியை அறுத்துவிடும் என்று இரண்டு முறை சொல்லி, இரண்டு டஜன் ஊசிகளைக் கையில் வைத்தார். ஊசிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அந்தத் தட்டு யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

கோயிலில் நாயனம் (நாகஸ்வரம்) வாசிக்கும் பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தட்டு ஓடி முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு, தோடியின் காந்தார ஸ்வரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும் என்று பாடிக் காட்டினார். நாயனத்தில் விரல் வைக்க ஏழே துளைகள். அந்த அசைவு முழுவதையும் விரலைப் பாதி திறந்தும், வாயில் வைத்து ஊதும் சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும்தான் கொண்டுவர வேண்டுமாம். “மறுபடி போடுங்கள். மூச்சு எங்கே எடுக்கிறார் என்று மட்டும் கேளுங்கள்” என்றார்.

ஊசியை மாற்றிப் போட்டேன். மூன்று நிமிடத்துச் சொச்சம்தான் ஒரு பக்கம். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் அந்தச் சிறிய அளவுக்குள் எந்த அவசரமும் காட்டாமல் மேலே ஏறுகிறார். கடைசி மாதங்களில் அப்பச்சிக்கு மூச்சு வாங்கும். நாதம் மேலே நீண்டு நிற்கும்போது தாமும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அது இறங்கிய பிறகுதான் விடுவார். வேண்டாம் அப்பச்சி என்று நான் கடிந்துகொண்டதுண்டு. ஞாயிறன்று அதே இடத்தில் நானும் மூச்சைப் பிடித்திருந்தேன். சுற்றிப் பார்த்தால் நீங்கள் பலரும் அப்படித்தான் இருந்தீர்கள். இத்தனை நாள் என்னைக் கலங்கவைத்தது எதுவென்று அப்போதுதான் புரிந்தது.

காரைக்குடி சகோதரர்களின் வீணையைப் பற்றிப் பேசிய ஆசிரியைக்கு நன்றி. மூத்தவர் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடித்து வாசித்தவர் என்பது எங்களில் பலருக்குப் புதிய செய்தி. இளையராஜா பாட்டைக் கேட்கவைத்து, விடுதியில் முதல் வாரம் அதுதான் தனக்குத் துணை என்று தயங்கித் தயங்கிச் சொன்ன தம்பிக்கும் நன்றி.

வெள்ளைப் பணியாரம் சுட வந்த ஆச்சியைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்ன பாட்டுத் தெரியும் என்று தூணருகே நின்றவர், வற்புறுத்தியதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தாலாட்டைத் தொடங்கினார். கப்பலேறிப் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போன தகப்பன் வரும் நாளைப் பிள்ளைக்குச் சொல்லும் பாட்டு. தாலாட்டைக் கச்சேரி இசைக்கு ஒரு படி கீழே வைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஞாயிறுக்குப் பிறகு அறவே இல்லை. சுருதிப்பெட்டி இல்லை, தாளம் இல்லை. தொட்டிலை ஆட்டும் கையின் அசைவு மட்டும் குரலில் இருந்தது. கப்பல் ரங்கூனை விட்டுக் கிளம்பும் இடத்தில் அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. யாரும் மேலே கேட்கவில்லை. அந்த மரியாதைக்காக உங்கள் அனைவருக்கும் தனியாக ஒரு நன்றி.

ஊசி இன்னும் பதினேழு மிச்சம் இருக்கிறது. வளவுச் சாவியை என்னிடமே வைத்துக்கொள்ளப் பெரியப்பச்சி சொல்லிவிட்டார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் இன்னொரு மாலை வாருங்கள். மனம் ஒப்பினால், கப்பல் கிளம்பிய இடத்திலிருந்து ஆச்சி பாடட்டும்.

நன்றியுடன்,
பள்ளத்தூர் வளவிலிருந்து