அந்தச் சிவப்பு ரயில் கண்டக்டருக்கும் நம்ம ஊர்க்காரர்களுக்கும்

எல்லாருக்கும் வணக்கம்.

சுவிட்சர்லாந்து ரயிலில் போகும்போது வழியிலேயே இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதாகிவிட்ட என் மகள் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்துவிட்டாள். எழுந்து நடக்கிறாள், பசிக்கிறது என்கிறாள், அம்மாவிடம் சண்டையும் போடுகிறாள். நடந்தது என்னவென்று நம்ம பக்கத்தில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. அதனால் அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. சொன்னால் வீட்டில் மறுபடியும் அழுகை ஆரம்பித்துவிடும். நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். மனசு ஆறிப்போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பெயர் தெரியாத ஒருவரிடமிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஜெர்மனியில் படிக்கிற பிள்ளை. பரீட்சை முடிந்து கிடைத்த லீவில் சுவிட்சர்லாந்து மலை ரயிலில் ஒரு சுற்று போய் வருகிறேன் என்றாள். "ஒத்தைக்கு எதுக்குளா போற?" என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். எனக்குத் தடுக்க மனசு வரவில்லை. ஆரல்வாய்மொழி செக்‌ஷனில் கீமேனாக, ஸ்பேனரும் சுத்தியலுமாகத் தண்டவாளம் பார்த்துக்கொண்டே நடக்கிறவன் நான். ஆடிக் காற்றில் எதிரே நடப்பது எப்படி இருக்கும் என்று அந்தக் கணவாயில் நடந்தவர்களுக்குத் தெரியும். என் பிள்ளைக்கு ரயில் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்?

கூர் என்ற ஊரிலிருந்து கிளம்பி, மலையூர்கள் வழியாக இத்தாலிக்குள் இருக்கும் திரானோ வரை போகிற மீட்டர் கேஜ் பாதை அது. நம்ம ஊட்டி ரயிலுக்கு யுனெஸ்கோ 2005-இல் உலகப் பாரம்பரிய அந்தஸ்து கொடுத்தது, இதற்கு 2008-இல். ஊட்டி ரயிலின் பழைய நீராவி இன்ஜின்களே சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்து வந்தவைதான். ஆனால் ஊட்டிக்கு ஏற, தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம், அதாவது இன்ஜினின் பல்சக்கரம் பிடித்து ஏறப் பல் வைத்த இரும்புச் சட்டம் வேண்டும். அங்கே 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏற்றத்தைச் சாதா சக்கரத்தோடு ஏறுகிறார்கள்; அதிகபட்ச உயரம் 2,253 மீட்டர். மகள் சொன்னபோது நான் நம்பவில்லை. அதைக் காட்டுவதற்காகத்தான் அன்று வீடியோ காலில் வந்தாள். அங்கே மதியம், இங்கே நான் டியூட்டி முடிந்து வந்து கட்டன்சாயாவோடு உட்கார்ந்திருந்தேன். ஆல்ப் க்ரூம் என்ற ஸ்டேஷனில் இறங்கி, "பாருங்கப்பா, நடுவுல பல்லே இல்ல" என்று தண்டவாளத்தைக் காட்டினாள். ரோடே போகாத ஸ்டேஷன் அது, ரயில் மட்டும்தான். பின்னால் பனிமலை. நான் தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் ஸ்லீப்பரையும் அதோடு தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஃபாஸ்டனிங்கையும் பார்த்துக்கொண்டிருந்தேன், மலையைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததை விட்டுவிடுகிறேன்.

வீடியோ கால் மட்டும் கட்டாகவில்லை. சீட்டில் கிடந்த போன் பெட்டியின் கூரையைக் காட்டிக்கொண்டே இருந்தது. போஸ்கியாவோ ஸ்டேஷனில் பிள்ளையை இறக்கி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள் என்பதோ, போன் மட்டும் இத்தாலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது என்பதோ எனக்குத் தெரியாது. மக்ளே, மக்ளே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு முகம் தெரிந்தது. நரைத்த தாடி, யூனிஃபார்ம். கண்டக்டர். என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். நல்ல ஆங்கிலம்தான், நிறுத்தி நிதானமாகத்தான் பேசினார். எனக்குத்தான் காது அடைத்துப் போயிருந்தது. "ஃபாதர், ஃபாதர்" என்பதைத் தவிர என் வாயில் ஒன்றும் வரவில்லை.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேச்சை நிறுத்தினார். போனை எதிர்சீட்டில் சாய்த்து வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். ஆஸ்பத்திரி பெயர், ஊர், போன் நம்பர், ஆம்புலன்ஸ் கிளம்பிய நேரம். கேமராவுக்கு நேரே பிடித்தார். வளைவில் ரயில் ஆட, தாளும் ஆடியது. முழங்கையை ஜன்னல் கம்பியில் ஊன்றிக்கொண்டு மறுபடி பிடித்தார். நான் காலண்டர் தாளில் எழுத எழுத, பேனா முனையால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் காட்டினார். குகைக்குள் போனதும் லைன் கட்டானது. திரும்ப அடித்தேன், விட்ட எண்ணிலேயே பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். எழுதி முடித்து என் தாளைத் தூக்கிக் காட்டினேன். தன் தாளோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அங்கே ஒரு வட்டப் பாலம் உண்டு, ரயில் முழுசாக ஒரு சுற்று சுற்றித் தன் பாதைக்கே அடியில் நுழைந்து இறங்கும். அதைக் கட்டாயம் காட்டுகிறேன் என்று மகள் சொல்லியிருந்தாள். இந்த எண்களை எழுதிக்கொண்டிருந்தபோதோ என்னவோ, அது வந்ததும் போனதும் எனக்குத் தெரியாது.

அதோடு விடவில்லை அந்த மனிதர். நம்ம கேங்குக்கு வீட்டிலிருந்து பாசஞ்சர் ரயிலில் கார்டு கையில் சோற்றுப் பாத்திரம் கொடுத்தனுப்புவார்களே, அந்த மாதிரி திரானோவிலிருந்து மேலே ஏறிய அடுத்த ரயிலில் போனைக் கொடுத்து, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சேர்த்துவிட்டார். கவருக்குள் சார்ஜருக்கான ஒரு அடாப்டரும் இருந்ததாம். ஜெர்மனியின் தடித்த உருண்டை பிளக் அந்த ஊர் சாக்கெட்டில் போகாது. இவள் போனின் சார்ஜை நான் தீர்த்துவிட்டேன் என்பது வரைக்கும் யோசித்திருக்கிறார்!

இனி மற்றவர்கள். ஆளாளாகச் சொன்னால் இடம் போதாது, கோபிக்க வேண்டாம். சோறும் ரசமும் கட்டிக்கொண்டு மலை தாண்டிக் காரோட்டி வந்த ஈழத்துக் குடும்பம், "பிள்ளை நித்திரை கொள்ளுறா, நீங்கள் யோசிக்காதேங்கோ" என்று ராத்திரியெல்லாம் வாய்ஸ் அனுப்பிய அந்த அக்கா, பணம் புரட்டிய தம்பிமார், எனக்குப் பதிலாகச் செக்‌ஷன் நடந்த கேங் அண்ணாச்சிகள், ராத்திரி எங்களோடு முற்றத்தில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், குழித்துறையிலிருந்து பஸ் ஏறி வந்து டாக்டர் சொன்னதை எங்களுக்கு விளக்கிய நர்ஸ் பிள்ளை, கோயிலிலும் சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொண்டவர்கள், எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிற பெற்றோருக்கு ஒரு விஷயம். ஜெர்மனியில் எடுத்த மாணவர் காப்பீடு எல்லை தாண்டினால் அப்படியே செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். இவள் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்திருந்தாள், பிழைத்தோம்.

எனக்கும் ஒரு நேர்ச்சை இருக்கிறது. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. ரிட்டயர் ஆனதும் அந்த ரயிலில் ஏறி, அந்தத் தாடிக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன. அதுவரை சும்மா இருக்க முடியாதே, இந்தக் கடிதத்தை மகள் ஜெர்மன் மொழியில் எழுதி அந்த ரயில் கம்பெனிக்கு அனுப்புகிறாள். கூடவே ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதம். மட்டிப்பழம் அவ்வளவு தூரம் தாங்காது; நேந்திரங்காய் சிப்ஸ் தாங்கும். அடுத்த மாதம் யாராவது ஜூரிச் பக்கம் போகிறீர்கள் என்றால் சொல்லுங்கள், ஒரு கிலோ பார்சலை நானே திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் கொண்டுவந்து தருகிறேன்.